எழுந்து நின்றவர்கள்

ஹயாமா கென்சாகுவை ஒரு வாரம் நான் சுமந்தேன். சுமந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அவர் பேச்சு முழுக்க என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. அறையில் ஏசி சத்தம் போடுகிறது, வாழைப்பழம் இன்னும் கொஞ்சம் பழுத்ததாக வேண்டும், வயலின்காரர்கள் ஏன் தாமதம், எல்லாம் நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது.

அது 1998. தும்கூர் ரோட்டில் ஒரு ஜப்பானியக் கம்பெனி பம்பு செய்யும் ஆலையைத் திறந்தது. திறப்பு விழாவை ஒட்டி பெங்களூரில் ஒரு மேற்கத்திய இசைக் கச்சேரி வைத்தார்கள். அதை நடத்த வந்தவர்தான் ஹயாமா. நான் பல்கலைக்கழக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்து, கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு அதுவே ஒரு வேடிக்கை.

"ஜப்பான்லேர்ந்து கண்டக்டர் வராரா? எந்த ரூட்டு?" என்று எதிர் வீட்டு பாஞ்சாலி அக்கா கேட்டாள்.

வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று, சின்னக் குச்சியை ஆட்டி, எல்லோரையும் ஒன்றாக வாசிக்க வைப்பவர் என்று விளக்கினேன்.

"அவரு ஒண்ணும் வாசிக்க மாட்டாரா?"

"மாட்டாரு."

"அதுக்கா பிளேன்ல வராரு!"

எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஜப்பானின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். அப்பா மீன்பிடி வலை விற்றவர். டோக்கியோவில் படிப்பு. இருபத்தாறு வயதில் ரஷ்யா வழியாக ரயிலேறி வியன்னா. பிரான்சில் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு, வார்சாவில் உதவி கண்டக்டர், பிறகு பிரேசில், பிறகு நார்வே. அதற்கப்புறம் ஜெர்மனியில் ஒரு நகரத்தின் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் தலைமை. 1993இல் அது சட்டென்று முடிந்துவிட்டது. பிறகு எந்த ஊரிலும் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. அங்காரா, கெய்ரோ, மணிலா, காரகாஸ். எல்லா இடத்திலும் 'விருந்தினர் கண்டக்டர்' என்று போட்டிருந்தது. வேலை போன ஆள் ஊர் ஊராய் அலைவதற்கு எல்லா மொழியிலும் ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் காரில் வரும்போதே அவர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். பம்பு கம்பெனியின் தலைவர் ஒகிட்சுவும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள். அந்த ஊரில் புதிதாக ஓர் அரங்கம் கட்டுகிறார்கள், அதற்கென்று ஓர் ஆர்க்கெஸ்ட்ராவும் அமைக்கிறார்கள். யாரைத் தலைமைக்கு வைப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்கு ஒகிட்சுதான் தலைவர். அவர் இந்தக் கச்சேரிக்கு வருகிறார்.

"எனக்கு இது கச்சேரி இல்லை, ரூபினி-சான். பரீட்சை" என்றார் ஹயாமா. "முப்பத்தாறு வருடமாக யாருடைய கட்டிலிலோ படுக்கிறேன். ஊருக்குப் போய்த் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை."

எங்கள் வீட்டில் எல்லோரும் தரையில்தான், வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கேலி வரவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகும் பையனின் பயத்தோடு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அவருக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன்.

வயலின், செல்லோ எல்லாம் பம்பாயிலிருந்தும் கோவாவிலிருந்தும் வந்தவர்கள். புல்லாங்குழலுக்கு மதராஸ். ஆனால் ஹார்ன் இரண்டு, டிரம்பெட் இரண்டு, அந்தப் பெரிய அண்டா மாதிரியான டிம்பனிக்கு ஓர் ஆள், இவை கிடைக்கவில்லை. அடுகோடிக்கு அப்பால் ஓர் அரசு ஆலை இருந்தது. பெயர் வேண்டாம். அதன் செக்யூரிட்டிப் பிரிவுக்குச் சொந்தமாக ஒரு பாண்டு உண்டு. சுதந்திர தினத்துக்கு, பெரிய அதிகாரிகள் வந்தால், வாசலில் நின்று வாசிப்பார்கள். ஏதோ மேலிடத்துப் பேச்சில் அந்த பாண்டிலிருந்து ஐந்து பேரை இரவல் கொடுத்தார்கள். அந்த ஐந்து பேருக்குத் தலைவர், முதல் ஹார்ன் வாசிப்பவர், மாஸ்டர் இராஜமாணிக்கம். அவர் என் தாய்மாமா.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களை உள்ளே நுழைத்துவிட்டாள் என்று கம்பெனிக்காரர்கள் பேசுவார்கள். ஒத்திகையில் நான் அவரை 'மாஸ்டர்' என்றேன், அவர் என்னை 'மேடம்' என்றார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது, மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒத்திகை சிவாஜிநகர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வெளியே பஸ் ஸ்டாண்டு இரைச்சல், உள்ளே மின்விசிறி இரைச்சல். முதல் நாள் அரை மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஹயாமா குச்சியை நிறுத்தி, பின்வரிசையைப் பார்த்து, "ஹார்ன், அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக" என்றார். நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன், மாமா ஹார்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார். கூடவே மற்ற நான்கு பேரும். ஐந்து நாற்காலிகளும் ஒரே நேரத்தில் தரையில் கிரீச்சிட்டன.

ஹயாமா சட்டென்று பின்னால் நகர்ந்தார். நோட்டு வைத்திருந்த ஸ்டாண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் எழுந்தார்கள்?" என்றார் என்னிடம். "என்ன வேண்டும் அவர்களுக்கு?"

நான் மாமாவிடம் கேட்டேன்.

"இன்னா மேடம் இது கேள்வி? பெரியவரு பேசறாரு. உக்காந்துகினா கேக்கறது?" என்றார் மாமா. "இருவத்திரண்டு வருசமா அதான பழக்கம். ஆபீசர் வாயத் தெறந்தா நாங்க எழுந்துருவோம்."

மரியாதைக்காக எழுந்தார்கள் என்று சொன்னேன். ஹயாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இனிமேல் எழவே கூடாது என்று சொல்லுங்கள். என்ன நடந்தாலும். நான் அதிகாரி இல்லை." நான் சொன்னேன். மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் கட்டளை கட்டளைதான். அன்று முழுக்க ஹயாமா பேசும்போதெல்லாம் ஐந்து பேரும் நாற்காலி நுனியில், முதுகை நிமிர்த்தி, எழுந்துவிடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ரோஸ் என்ற டிரம்பெட்காரர் தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு முனையில் கார் நகரவில்லை. கறிக்கடைப் பக்கம் திரும்பிய ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. அப்போது அவர் தானாகவே ஜெர்மனிக் கதையைச் சொன்னார்.

"ஹார்ன்காரர்கள்தான் முதலில் எழுந்தார்கள். அங்கேயும் பின்வரிசைதான். ஒத்திகை நடுவில். ஒருவர், இருவர், பிறகு வரிசை வரிசையாக. வாத்தியங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். பேப்பரில் படத்தோடு வந்தது. ஜப்பானிலும் வந்தது."

"எதற்கு?"

"வயதான ஹார்ன்காரர் ஒருவர் ஒரு ஸ்வரத்தைப் பிசகவிட்டார். அவரைத் தனியாக வாசிக்கச் சொன்னேன். நான்கு முறை. அவ்வளவுதான்."

எல்லோர் முன்னாலும் நான்கு முறை! 'அவ்வளவுதான்' என்று எப்படிச் சொல்ல முடிகிறது இவரால் என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் மாமா அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் மொழிபெயர்ப்பவளுக்கு அபிப்பிராயம் கிடையாது. ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒகிட்சுவின் குழுவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்" என்றார். "என் இசையில் இல்லை. என்னோடு வாத்தியக்காரர்கள் தங்குவார்களா என்பதில். இன்னொரு முறை அப்படி நடந்தால் எனக்கு ஊர் இல்லை."

மற்ற நாட்கள் நன்றாகவே போயின. அவர் யாரையும் தனியாக வாசிக்கச் சொல்லவில்லை. மாமா பிசகினால்கூட, தலையை ஆட்டிவிட்டு எல்லோரையும் மறுபடி ஆரம்பிக்க வைப்பார். மாமாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்ல மனுசன். வாயில கெட்ட வார்த்த ஒண்ணு வரல" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். கெட்ட வார்த்தை ஜப்பானிய மொழியில் வந்தால் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "மூஞ்சியிலேயே தெரியும்டி" என்றார்.

கச்சேரி அன்று மந்திரி ஒருவர் முக்கிய விருந்தினர். ஆறரைக்கு வருவதாகப் பேச்சு. ஏழு வரை காத்திருந்தார்கள். ஒகிட்சு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். பெங்களூரில் மந்திரிக்காகக் காத்திருக்காமல் ஒரு விழா ஆரம்பித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஹயாமாவின் முகம் தெரியும், வாத்தியக்காரர்களின் முகமும் தெரியும். முதல் பகுதி முடிந்ததும் ஒகிட்சு லேசாகத் தலையசைத்ததைப் பார்த்தேன். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இரண்டாம் பகுதி மெதுவானது. வயலின்கள் தணிந்து போகும், மேலே மாமாவின் ஹார்ன் தனியாக ஒரு நீண்ட ஸ்வரம் பிடிக்கும். டிரம்பெட்டுக்கும் டிம்பனிக்கும் அந்தப் பகுதியில் வேலையே கிடையாது. ஆம்ப்ரோஸும் டிம்பனிக்கார ஹெர்பர்ட்டும் கையைக் கட்டிக்கொண்டு, எதிரே இருந்த அரங்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாசல் திறந்தது. முதலில் துப்பாக்கியோடு ஒரு காவலர், பின்னால் வாக்கி-டாக்கி கரகரப்பு, அதற்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் மந்திரி. முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் எழுந்தார்கள். ஆம்ப்ரோஸ் எழுந்தார். ஹெர்பர்ட் எழுந்தார். மாமா, அந்த நீண்ட ஸ்வரத்தின் நடுவில், உதட்டிலிருந்து ஹார்னை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, விறைப்பாக எழுந்து நின்றார். மற்ற இருவரும் கூடவே எழுந்தார்கள். யாரும் யோசித்து எழவில்லை. இருபத்திரண்டு வருடம் வாசலில் நின்ற கால்கள் அவை.

ஹயாமாவுக்கு முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பின்வரிசையில் ஹார்ன்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். என்ன செய்வது என்று புரியாமல் வயலின்காரர்களில் இரண்டு பேரும் பாதி எழுந்தார்கள். அவர் கை காற்றில் நின்றது. பிறகு குச்சியை ஸ்டாண்டின் மேல் மெல்ல வைத்தார். மேடையை விட்டு இறங்கி, என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

நான் பின்னால் ஓடினேன். ஒப்பனை அறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லோரும் போய்விட்டார்களா?" என்றார்.

"யாரும் போகவில்லை. மந்திரி வந்தார். இங்கே அதிகாரி வந்தால் அவர்கள் எழுவார்கள். பழக்கம். உங்களுக்கு எதிராக இல்லை."

அவர் என்னையே பார்த்தார். "யாரும் போகவில்லையா?"

"போனது நீங்கள் ஒருவர்தான்" என்றேன். அது மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை. கோபத்தில் வந்துவிட்டது, வந்தது வந்ததுதான்.

அவர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், பிரித்தார். "அப்படியானால் ஓடினவன் நான்" என்று மெதுவாகச் சொன்னார். அப்போது அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. தோளில் கை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். வைக்கவில்லை.

வெளியே அறிவிப்பாளர் இதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். இசை நின்றால் எங்கள் ஊரில் மைக் சும்மா இருக்காது. மந்திரி பேசினார், பம்பு பற்றியும் மழை பற்றியும். பிறகு விருந்தினரைக் கௌரவிக்கிறோம் என்று ஹயாமாவை மேடைக்கு அழைத்து, சரிகை போட்ட மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையைத் தலையில் வைத்து, சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தினார்கள். பேட்டா அவர் தலைக்குப் பெரிது, கண் வரை இறங்கியது. பின்னால் என் மாமாவும் மற்ற நான்கு பேரும், உட்காரச் சொல்ல ஆள் இல்லாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். மந்திரி போனதும் பாதி அரங்கம் கூடவே போயிற்று. மிச்சமிருந்தவர்களுக்கு மிச்சமிருந்ததை வாசித்தார்கள். ஒகிட்சு கடைசி வரை அசையாமல் இருந்தார். ஆனால் தலையசைக்கவில்லை.

மறுநாள் காலை ஓட்டலில் ஒரு சின்ன அறைக்கு என்னை வரச் சொன்னார்கள். ஒகிட்சுவும் ஹயாமாவும் மேஜைக்கு இரண்டு பக்கத்தில். நான் ஓரத்தில். ஒகிட்சு மரியாதை தெரிந்த மனிதர், குரல் உயராது. மொழிபெயர்க்கத் தேவையில்லாத பேச்சு என்பதால் நான் ஒரு நாற்காலி மாதிரி அங்கே இருந்தேன்.

"நேற்று நீங்களாக இறங்கினீர்களா, அவர்கள் எழுந்ததால் இறங்க வேண்டி வந்ததா?" என்று கேட்டார் ஒகிட்சு. "முதலாவது என்றால் உங்களுக்காகக் குழுவிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது என்றால் சொல்லலாம். பயிற்சியில்லாத உள்ளூர் ஆட்கள், ஒழுங்கை மீறினார்கள், எந்தக் கண்டக்டரும் நிறுத்தியிருப்பார் என்று. அவர்களுடைய ஆலையின் அதிகாரி மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். அவர் முன்னால் நீங்கள் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு வேறு விதமான பேச்சு எதுவும் வராது. இசை நன்றாக இருந்தது, ஹயாமா-சான். ஊருக்கு நீங்கள் வரவேண்டும் என்றுதான் என் விருப்பமும்."

ஹயாமா என் பக்கம் திரும்பினார். "நான் அப்படிச் சொன்னால் அவர்களுக்கு என்ன ஆகும்?"

"பாண்டைக் கலைத்துவிடுவார்கள்" என்றேன். "எல்லோரும் கேட் காவலுக்குத் திரும்ப வேண்டும். வாத்தியங்கள் ஆலையுடையவை, வாங்கி ஸ்டோரில் பூட்டிவிடுவார்கள். அந்த முதல் ஹார்ன்காரர் என் தாய்மாமா."

சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஒகிட்சு தேநீர்க் கோப்பையின் பிடியைத் திருப்பி வைத்தார்.

கதவைத் தட்டிவிட்டு ஆலையின் செக்யூரிட்டி ஆபீசர் கோவிந்தப்பா உள்ளே வந்தார். பின்னால் மாமா, இஸ்திரி போட்ட காக்கியில், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்து 'மேடம்' என்று தலையசைத்தார். இந்தத் தடவை மீசையைத் தடவவில்லை.

"ஃபாரின்காரங்க முன்னால நம்ம மானமே போச்சும்மா" என்றார் கோவிந்தப்பா என்னிடம். "ஏன் நிறுத்தினாருன்னு சாரையே கேட்டுச் சொல்லுங்க. எங்க ஆளுங்க தப்புன்னா நான் ஆக்‌ஷன் எடுக்கறேன். அவரே போனாருன்னா அதயும் சொல்லட்டும், நான் எழுதிட்டுப் போறேன்."

கேட்டேன். ஹயாமா மேஜையைப் பார்த்தபடி பேசினார்.

"என்ன நடந்தாலும் எழக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர்கள் எழுந்தார்கள். வாசித்துக்கொண்டிருந்த ஹார்ன் நின்றது. நான் நிறுத்தினேன்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்க முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் பொய் என்று கத்தியிருப்பேன். அந்த மனிதர் ஊருக்குப் போக ஆசைப்பட்டது எனக்குப் புரிந்தது, நானே அவருக்காக ஆசைப்பட்டவள்தான். ஆனாலும் என் மாமாவின் முதுகில் ஏறித்தானா போக வேண்டும்?

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'நானாகத்தான் இறங்கினேன்' என்று தமிழில் சொன்னால் கோவிந்தப்பா எழுதிக்கொண்டு போயிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவர் சொல்லாததை அவர் வாயில் நான் வைத்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

கோவிந்தப்பா பெருமூச்சு விட்டார். "சரி, ஆயித்து. ஏன்றீ இராஜமாணிக்கம், சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு சார்" என்றார் மாமா. "எழாதேன்னு சொன்னாருதான். மினிஸ்டர் வந்தா இன்னா பண்றதுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. மத்தவங்க மேல தப்பில்ல சார், நான் எழுந்தேன்னுதான் அவனுங்க எழுந்தானுங்க."

முதலில் எழுந்தது ஆம்ப்ரோஸ். நான் கண்ணால் பார்த்தேன்.

"பாண்டு இனி வேணாம்" என்றார் கோவிந்தப்பா. "இன்னிக்கே சாமானெல்லாம் ஸ்டோர்ல ஒப்படைச்சுருங்க."

மாமா சரி என்றார். பிறகு ஹயாமாவின் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, எங்களால உங்க கச்சேரி கெட்டுப்போச்சு. இவ்ளோ தூரம் வந்து எங்ககிட்ட மாட்டிக்கினீங்க. மன்னிச்சிருங்க. ஊருக்குப் போயி, எங்கள மரியாத தெரியாதவங்கன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க." என்னிடம் திரும்பி, "சொல்லும்மா" என்றார். 'மேடம்' போய்விட்டிருந்தது.

"என்ன சொன்னார்?" என்றார் ஹயாமா.

அவர் கண்கள் மாமாவின் முகத்திலேயே இருந்தன. அந்த முகத்தில் இருந்ததைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்கு அது வார்த்தையாக வேண்டியிருந்தது. ஒரு வாத்தியக்காரர் எழுந்து நின்று, தன்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று, காதால் கேட்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்" என்றேன்.

ஒகிட்சு நிமிர்ந்து பார்த்தார். ஹயாமா இன்னும் தாழ்ந்த குரலில், "தயவுசெய்து" என்றார்.

"அது உங்களுக்குச் சேர வேண்டியதில்லை."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கம்பெனி இனி என்னைக் கூப்பிடாது என்று தெரியும், கூப்பிடவுமில்லை. அடுத்த வருடம் அவருக்கு அந்த வேலை கிடைத்தது, ஜப்பானியப் பத்திரிகையில் பார்த்தேன். படத்தில் புது அரங்கத்தின் முன்னால் நின்றார். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மாமாவும் நானும் சிவாஜிநகர் வரை நடந்து, அங்கே பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. மாமா மடியில் தொப்பியை வைத்துக்கொண்டார். ஹார்னை இன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் வாசித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரூபி" என்றார், அல்சூர் ஏரி வந்ததும். "நான் சொன்னத அவராண்ட சொன்னியா? நீ இன்னாவோ கடுசா பேசின மாதிரி இருந்துச்சு."

"ஜப்பான் பாஷை அப்படித்தான் மாமா இருக்கும். சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

பஸ் குலுங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு உங்க மேல இல்லன்னாரு. நான்தான் அவசரப்பட்டுப் போயிட்டேன், மாஸ்டர்தான் என்னை மன்னிக்கணும்னாரு."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே" என்றார். "நல்ல மனுசன்."